வெஸ் மாண்ட்கோமரி

வெஸ் மாண்ட்கோமரி (மார்ச் 6, 1923 – ஜூன் 15, 1968) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஜாஸ் கிதார் கலைஞரும் இசையமைப்பாளரும் ஆவார். இவரது இயற்பெயர் ஜான் லெஸ்லி மாண்ட்கோமரி. தந்திகளைப் பிக் கொண்டு மீட்டாமல் வலக்கைக் கட்டைவிரலால் மீட்டியதும், ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயிகளில் ஒருசேர ஒலிக்கச் செய்து நீண்ட இசைவரிகளை வாசித்ததும் இவரது தனிச்சிறப்புகள். சார்லி கிரிஸ்டியனுக்குப் பின்வந்த ஜாஸ் கிதார் கலைஞர்களுள் மிகுந்த செல்வாக்குப் பெற்றவராக இவர் கருதப்படுகிறார். தமது பெயரில் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தபோது இவருக்கு வயது 36. அதன்பின் இவர் வாழ்ந்தது ஒன்பது ஆண்டுகளுக்கும் குறைவே. தொழிற்சாலை வேலை, விமர்சகர்களின் பாராட்டு, மக்களிடையே பெரும் விற்பனை என மூன்று நிலைகளைக் கடந்த இவரது வாழ்க்கை, ஜாஸ் கிதார் கலைஞர் ஒருவர் இசையை நம்பிப் பிழைப்பதில் இருந்த இடர்ப்பாடுகளுக்கு எடுத்துக்காட்டாகச் சுட்டப்படுவதுண்டு.

இளமைக்காலம்

மாண்ட்கோமரி இந்தியானா மாநிலத்தின் தலைநகரான இந்தியானாபொலிசில் பிறந்தார். இவரது அண்ணன் மங்க் மாண்ட்கோமரி டபுள் பாஸ் கலைஞர். மின் பாஸ் கிதாரை ஜாஸ் இசைக்குள் கொண்டுவந்த முன்னோடிகளுள் ஒருவர். தம்பி படி மாண்ட்கோமரி வைப்ரஃபோனும் பியானோவும் வாசித்தவர். சிறுவயதில் சில ஆண்டுகள் ஓகையோ மாநிலத்தின் கொலம்பசு நகரில் வாழ்ந்தபோது, அண்ணன் வாங்கித் தந்த நான்கு தந்திக் கிதாரில் வெஸ் பழகினார். எனினும் இவர் முறையாக ஆறு தந்திக் கிதாரைக் கையிலெடுத்தது ஏறத்தாழ இருபது வயதில்தான்.

திருமணமாகி இந்தியானாபொலிசில் குடியேறிய காலத்தில், சார்லி கிரிஸ்டியன் வாசித்த 'சோலோ ஃப்ளைட்' என்னும் இசைத்தட்டைக் கேட்டார். அதனால் ஈர்க்கப்பட்டு மின் கிதாரும் ஒலிபெருக்கியும் வாங்கினார். இவருக்கு ஆசிரியர் எவரும் இல்லை. இசைக்குறியீட்டைப் படிக்கவும் தெரியாது. கிரிஸ்டியனின் தனி வாசிப்புகளை இசைத்தட்டிலிருந்து மீண்டும் மீண்டும் கேட்டு, சுரம் பிசகாமல் மனப்பாடம் செய்தார். சில மாதங்களில் உள்ளூர்க் கேளிக்கை விடுதி ஒன்றில் வாசிக்கும் வாய்ப்புக் கிட்டியது. அங்கு அவர் வாசித்தவை அந்த மனப்பாடப் பகுதிகளே. அவை தீர்ந்ததும் மேடையில் வாசிக்க அவரிடம் வேறொன்றும் இருக்கவில்லை.

கட்டைவிரலால் மீட்டும் முறையும் இக்காலத்தில் உருவானதே. பகல் வேலை முடிந்து இரவில் வீட்டில் பயிற்சி செய்தபோது பிக் எழுப்பிய ஓசை பிறருக்கு இடையூறாக இருந்தது. ஓசையைக் குறைக்கவே கட்டைவிரலின் சதைப்பகுதியால் மீட்டத் தொடங்கினார். அதனால் கிடைத்த மென்மையான, உருண்டு திரண்ட ஒலியே பின்னர் இவரது அடையாளம் ஆயிற்று.

பகலில் தொழிற்சாலை, இரவில் இசை

1948 முதல் 1950 வரை லயனல் ஹாம்ப்டனின் பெரிய இசைக்குழுவில் மாண்ட்கோமரி பணியாற்றினார். விமானப் பயணத்துக்கு அஞ்சிய இவர், ஊர் ஊராகத் தாமே வாகனம் ஓட்டிச் சென்று நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டார். குடும்பத்தைப் பிரிந்திருக்க விரும்பாமல் 1950 ஆம் ஆண்டில் ஊர் திரும்பினார்.

அக்காலத்தில் இந்தியானாபொலிசின் இந்தியானா அவென்யூ கறுப்பின மக்களின் இசை விடுதிகள் நிறைந்த தெருவாக விளங்கியது. டிராம்போன் கலைஞர் ஜே. ஜே. ஜான்சன், டிரம்பெட் கலைஞர் ஃப்ரெடி ஹப்பர்ட் முதலியோர் இந்நகரில் உருவானவர்களே. ஆனால் இசைத்தட்டு நிறுவனங்களும் பெரும் இசை இதழ்களும் நியூயார்க்கிலும் மேற்குக் கரையிலும் இருந்தன. உள்ளூரில் தங்கிய கலைஞர் எவ்வளவு திறமை பெற்றிருந்தாலும் விடுதிக் கூலியோடு நின்றுவிட நேர்ந்தது. மாண்ட்கோமரிக்கு ஏழு குழந்தைகள். எனவே இவர் காலையில் வானொலி உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்தார். மாலையில் டர்ஃப் பார் என்னும் விடுதியில் வாசித்தார். நள்ளிரவுக்குப் பின் மிசைல் ரூம் என்னும் மற்றொரு விடுதியில் விடியும் வரை வாசித்தார். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த இந்த ஓய்வின்மையும் புகைப்பழக்கமும் இவரது உடல்நலத்தைப் பாதித்ததாகக் கருதப்படுகிறது.

1959 ஆம் ஆண்டில் சாக்சபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லி மிசைல் ரூமில் இவரது வாசிப்பைக் கேட்டு வியந்தார். நியூயார்க் திரும்பியதும் ரிவர்சைடு இசைத்தட்டு நிறுவனத்தின் ஓரின் கீப்நியூசிடம் இவரைப் பற்றி எடுத்துரைத்தார். கீப்நியூஸ் நேரில் வந்து கேட்டு இவரை ஒப்பந்தம் செய்தார். அவ்வாண்டு அக்டோபரில், இந்தியானாபொலிசில் தம்முடன் வாசித்து வந்த ஆர்கன் கலைஞர் மெல்வின் ரைன், டிரம்ஸ் கலைஞர் பால் பார்க்கர் ஆகியோருடன் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தார்.

ரிவர்சைடு காலம்

1960 சனவரியில் பதிவான 'தி இன்கிரெடிபிள் ஜாஸ் கிதார் ஆஃப் வெஸ் மாண்ட்கோமரி' இவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. பியானோவில் டாமி ஃப்ளானகனும், டபுள் பாஸில் பெர்சி ஹீத்தும், டிரம்ஸில் ஆல்பர்ட் ஹீத்தும் உடன் வாசித்தனர். மாண்ட்கோமரியே இசையமைத்த 'ஃபோர் ஆன் சிக்ஸ்', 'வெஸ்ட் கோஸ்ட் ப்ளூஸ்' ஆகியவை இதில் இடம்பெற்றன. இவ்விரண்டும் இன்றும் ஜாஸ் கிதார் பயில்வோர் கற்கும் உருப்படிகளாக உள்ளன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2016 ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இவ்விசைத்தட்டைச் சேர்த்தது.

1961 ஆம் ஆண்டில் சாக்சபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் குழுவுடன் சிறிது காலம் வாசித்தார். மாண்டரே ஜாஸ் விழாவிலும் அக்குழுவுடன் மேடையேறினார். 1962 சூனில் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் பதிவான 'ஃபுல் ஹவுஸ்' இவரது நேரடிப் பதிவுகளுள் சிறந்தவற்றில் ஒன்றாகும். 'டவுன் பீட்' இதழின் வாக்கெடுப்புகளில் 1960களில் பலமுறை முதலிடம் பெற்றார். எனினும் பாராட்டுக்கு ஈடான வருவாய் கிட்டவில்லை. சகோதரர்கள் மூவரும் சேர்ந்து நடத்திய குழுவும் நீண்டகாலம் நிலைக்கவில்லை. 1964 ஆம் ஆண்டில் ரிவர்சைடு நிறுவனம் நொடித்துப் போனது.

வாசிப்பு முறை

மாண்ட்கோமரியின் தனி வாசிப்பு பெரும்பாலும் மூன்று படிகளைக் கொண்டது.

முதற்படி: ஒற்றைச் சுரங்களால் அமைந்த இசைவரிகள்.
இரண்டாம் படி: ஒரே சுரத்தைக் கீழ், மேல் ஸ்தாயிகளில் சேர்த்து ஒலிக்கும் இரட்டைச் சுர வரிகள்.
மூன்றாம் படி: பல சுரங்கள் ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டுகளால் (கார்டுகளால்) ஆன வரிகள்.

ஒவ்வொரு படியிலும் ஒலி மேலும் நிறைவதால், வேகத்தைக் கூட்டாமலேயே வாசிப்பு உச்சத்தை அடைகிறது. இரட்டைச் சுர முறையை ஜாங்கோ ரைன்ஹார்ட் போன்றோர் முன்பே கையாண்டுள்ளனர். அவர்களுக்கு அது இடையிடையே வரும் அலங்காரம். மாண்ட்கோமரியோ முழு வாசிப்பையே அதில் நடத்தினார். இம்முறையில் இடக்கை விரல்கள் இரண்டு தந்திகளில் ஒரே இடைவெளியைக் காத்தபடி நகர வேண்டும்; அவற்றுக்கு இடையிலுள்ள தந்தி ஒலிக்காதவாறு விரலின் மறுபுறத்தால் அதை அமுக்க வேண்டும். இதை விரைவான தாளத்தில் கட்டைவிரலால் மீட்டுவது கடினமாகும்.

வெகுசன வெற்றியும் விமர்சனமும்

ரிவர்சைடுக்குப் பின் வெர்வ் நிறுவனத்தில் தயாரிப்பாளர் க்ரீட் டெய்லருடன் பணியாற்றினார். பரவலாக அறியப்பட்ட பாடல்களை இசைவரியாக எடுத்துக்கொண்டு, பெரிய பின்னணி இசைக்குழுவுடன், வானொலியில் ஒலிபரப்ப ஏற்ற குறைந்த நேரத்தில் வாசிப்பதே டெய்லர் வகுத்த வழி. 'கோயின் அவுட் ஆஃப் மை ஹெட்' பதிவுக்காக 1967 ஆம் ஆண்டில் கிராமி விருது கிடைத்தது. பின்னர் ஏ அண்ட் எம் நிறுவனத்துக்காகப் பதிவான 'எ டே இன் தி லைஃப்' (1967) அவ்வாண்டில் மிகுதியாக விற்பனையான ஜாஸ் இசைத்தட்டுகளுள் ஒன்றாக விளங்கியது. அதன் தலைப்புப் பாடல் பீட்டில்ஸ் குழுவினருடையது.

ஜாஸ் விமர்சகர்கள் பலர் இம்மாற்றத்தைக் கடிந்தனர். நிமிடக்கணக்கில் புதிது புதிதாகக் கற்பனை செய்து வாசிக்க வல்லவர், வயலின்களின் பின்னணியில் பாட்டின் மெட்டை மட்டும் வாசிப்பது திறமையை வீணடிப்பதாகும் என்பது அவர்கள் வாதம். நேரடி நிகழ்ச்சிகளில் மாண்ட்கோமரி சிறுகுழுவுடன் ஜாஸ் வாசிக்க விரும்பினாலும், கேட்க வந்தவர்கள் இசைத்தட்டில் கேட்ட பாடல்களையே எதிர்பார்த்தனர்.

மறுதரப்பினர் இரண்டு செய்திகளைச் சுட்டுகின்றனர். ஒன்று, ஏழு குழந்தைகளின் தந்தையான இவர் தொழிற்சாலை வேலைக்குத் திரும்பாமல் இசையால் மட்டுமே குடும்பத்தைக் காக்க இந்த இசைத்தட்டுகள் வழிசெய்தன. மற்றொன்று, பியானோ கலைஞர் விண்டன் கெல்லியின் குழுவுடன் வாசித்த 'ஸ்மோக்கின் அட் தி ஹாஃப் நோட்' (1965) இதே வெர்வ் காலத்தைச் சேர்ந்தது. இதனைச் சிறந்த ஜாஸ் கிதார் இசைத்தட்டு எனக் கிதார் கலைஞர் பாட் மெத்தினி போற்றியுள்ளார். விற்பனைக்கான இசைத்தட்டும் தம் விருப்பத்துக்கான வாசிப்பும் இவரிடம் ஒரே காலத்தில் இருந்தன என்பதை இது காட்டுகிறது.

மறைவு

வருவாயும் புகழும் உச்சத்தில் இருந்த வேளையில், 1968 சூன் 15 அன்று இந்தியானாபொலிசில் உள்ள தம் இல்லத்தில் மாரடைப்பால் மாண்ட்கோமரி காலமானார். அப்போது அவருக்கு வயது 45. 'வில்லோ வீப் ஃபார் மீ' என்னும் இசைத்தட்டுக்காக மறைவுக்குப் பின்னரும் கிராமி விருது வழங்கப்பட்டது.

செல்வாக்கு

ஜார்ஜ் பென்சன், பாட் மார்ட்டினோ, பாட் மெத்தினி, எமிலி ரெம்லர், லீ ரிட்டனவர் முதலிய கிதார் கலைஞர்களிடம் இவரது தாக்கம் வெளிப்படையாகத் தெரிகிறது. இவர்களுள் பென்சன், 1970களில் மாண்ட்கோமரி நடந்த அதே வழியில் சென்று, ஜாஸ் வட்டத்துக்கு வெளியேயும் பெரும் வெற்றி கண்டார். இந்தியானாபொலிசில் இவரது பெயரில் பூங்கா ஒன்று உள்ளது. இந்தியானாபொலிசில் வாசித்த காலத்து ஒலிப்பதிவுகள் 'எக்கோஸ் ஆஃப் இந்தியானா அவென்யூ' என்ற பெயரில் 2012 ஆம் ஆண்டிலும், 1965 ஆம் ஆண்டின் பாரிஸ் கச்சேரி 2018 ஆம் ஆண்டிலும் ரெசனன்ஸ் நிறுவனத்தால் வெளியிடப்பட்டன. வெளியுலகம் அறியாமல் தொழிற்சாலையில் உழைத்த ஆண்டுகளிலேயே இவரது பாணி முழுமை பெற்றிருந்ததை முதலாவது தொகுப்பு உணர்த்துகிறது.

குறிப்பிடத்தக்க இசைத்தட்டுகள்

தி வெஸ் மாண்ட்கோமரி ட்ரையோ (1959)
தி இன்கிரெடிபிள் ஜாஸ் கிதார் ஆஃப் வெஸ் மாண்ட்கோமரி (1960)
ஃபுல் ஹவுஸ் (1962)
பாஸ் கிதார் (1963)
ஸ்மோக்கின் அட் தி ஹாஃப் நோட் (1965)
கோயின் அவுட் ஆஃப் மை ஹெட் (1966)
எ டே இன் தி லைஃப் (1967)
ரோட் சாங் (1968)