ஒரு பானைச் சோறும் ஓர் ஊர் நோயும்

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் முன்னோர் வாக்கு. அப்படியென்றால், ஓர் ஊரில் எத்தனை பேரை நோய் தொற்றியுள்ளது என்பதைச் சிலரை மட்டும் சோதித்து அறிய முடியுமா? முடியும். ஆனால், பானைச் சோறு ஒரே சீராக வேகும், ஊர் அப்படியன்று.

பினாங்கிற்கு டிங்கி புதிதல்ல. மலாயாவில் இரத்தக்கசிவு டிங்கி முதன்முதலில் 1962-இல் இங்குதான் பதிவானது. டிங்கி தொற்றியவர்களுள் பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரிவதில்லை. எனவே, மருத்துவமனைக் கணக்கு நோயின் முழு அளவைக் காட்டாது. வீடு தேடிச் சென்று இரத்தத்தைச் சோதித்தால்தான் உண்மை புலப்படும்.

இதற்குச் சிறந்த சான்று, சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் முன்னின்று 2020 மே, ஜூன் மாதங்களில் நடத்திய கோவிட்-19 ஆய்வாகும். இந்தியாவின் 70 மாவட்டங்கள், மாவட்டத்திற்கு 10 சிற்றூர்கள் அல்லது நகரப் பகுதிகள், பகுதிக்கு 40 பேர் என 28,000 பெரியவர்கள் சோதிக்கப்பட்டனர். ஒரு வீட்டுக்கு ஒருவர் மட்டுமே. ஒரே வீட்டாருக்கு ஒன்றாகவே நோய் தொற்றக்கூடும் அல்லவா? முடிவு 0.73 விழுக்காடு. பதிவான ஒவ்வொரு நோயாளிக்கும் பின்னால் 82 முதல் 130 பேர் வரை தொற்றுக்கு ஆளாகியிருந்தனர் என்பது அப்போதுதான் தெரிந்தது.

எத்தனை பேரைச் சோதிப்பது? தொற்று பாதிப்பேரிடம் இருக்கலாம் எனக் கொண்டு, 5 விழுக்காடு கூடக்குறைய, 95 விழுக்காடு நம்பகத்துடன் அறிய ஏறத்தாழ 385 பேர் போதும். பினாங்கிற்கும் மலேசியா முழுமைக்கும் இதே எண்ணிக்கைதான்! ஆனால், அவர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும். பகுதி பகுதியாகத் தேர்ந்தெடுத்தால் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். ஒரே அடுக்குமாடியில் வாழ்வோரைக் கடிப்பவை ஒரே கொசுக்கள்தாமே!

சோதனையும் பிழை செய்யும். நோயற்ற நூறு பேரில் இருவரைத் தவறாகக் காட்டும் சோதனை, நோயே இல்லாத ஊரிலும் ஆயிரத்தில் 20 பேருக்குத் தொற்று உண்டு என்று சொல்லிவிடும். அதனால்தான் சென்னை நிறுவனத்தார், முதல் சோதனையில் தொற்று காட்டியவர்களின் இரத்தத்தை வேறொரு சோதனையிலும் சரிபார்த்தனர்.

இன்னொரு பிழை, பூட்டிய கதவு. பகலில் மட்டும் சென்றால் முதியோரும் இல்லத்தரசிகளுமே கணக்கில் வருவர்; தொழிற்சாலைக்குச் சென்றவர் விடுபடுவார். அவருக்குப் பதில் பக்கத்து வீட்டாரைச் சேர்ப்பது எளிது. ஆனால், ஆய்வு அங்கேயே கோணிவிடும். மாலையிலும் விடுமுறையிலும் மீண்டும் அதே கதவைத் தட்டுவதே முறை.

நாளை இத்தகைய ஆய்வாளர் ஒருவர் நம் வீட்டுக் கதவைத் தட்டலாம். அப்போது நாம் ஒருவரல்லர். கதவு தட்டப்படாத ஆயிரக்கணக்கானோருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறோம்.