முக்காலி எங்கே?

"காசு கொடுக்கிறவன் நான் நிற்கிறேன், அவள் உட்கார்ந்துகொண்டு பதில் சொல்லுகிறாள்!"

இப்படிக் குமுறியவர் மிட்டாதாரருமல்லர், மில் முதலாளியுமல்லர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் முன்பு நாள் முழுதும் நின்று உழைத்து, கால் கடுக்க வீடு திரும்பும் தொழிலாளி. தமது சங்கத்தின் கிளைப் பொருளாளர். நம் இயக்கத் தோழர். பெயர் வேண்டாம். நடந்ததை ஒளிக்காமல் நம்மிடம் சொன்னவரைச் சந்தியில் நிறுத்துவது நம் வேலையல்ல. ஆனால் நடந்ததை எழுதாமலும் இருப்பதற்கில்லை.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. (தீபாவளியைப் பற்றி நாம் ஆண்டுதோறும் எழுதிவருவதைத் தோழர் படிக்காதவரல்லர். என் செய்வது, வீட்டில் அம்மையார் கேட்கவேண்டுமே! அது கிடக்கட்டும்.) போனஸ் பணம் கையில் இருக்கிறது. மனைவி, இரண்டு குழந்தைகளோடு தியாகராய நகருக்குப் போகிறார். ரங்கநாதன் தெருவில் அன்றைக்கு நடந்து போகவேண்டியதில்லை. நின்றால் போதும், கூட்டமே கொண்டுபோய் விட்டுவிடும். பெரிய ஜவுளிக் கடையொன்றின் மூன்றாவது மாடி, சேலைப் பிரிவு. மேசைக்குப் பின்னால் ஒரு முக்காலியில் இருபது வயதுப் பெண் ஒருத்தி, மடியில் பிரித்துப்போட்ட சேலையொன்றை வைத்து மடித்துக்கொண்டிருக்கிறாள். தோழர் விலை கேட்கிறார். அவள் நிமிர்ந்து பார்த்து, உட்கார்ந்தபடியே விலை சொல்லுகிறாள். அவ்வளவுதான் நடந்தது.

தோழர் போட்ட சத்தத்தில் சூப்பர்வைசர் ஓடிவந்தார். "எந்திரி, எந்திரி! சார் நிக்கிறது தெரியல?" அவள் எழுந்தாள். "மன்னிச்சிடுங்கண்ணே" என்றாள். பிறகு பதினான்கு சேலைகளைப் பிரித்துக் காட்டினாள். முந்தானையைத் தன் தோளில் போட்டுக் காட்டினாள். பதினைந்தாவதை அம்மையார் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் தோழர் மீண்டும் அந்தக் கடைக்குப் போகவேண்டி வந்தது. சின்னப் பையனுக்கு எடுத்த சட்டையில் அக்குள் தையல் விட்டிருந்தது. பில் போடும் பையனிடம் நீட்டினார். "ஒருமுறை விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பதை அவன் விரலால் காட்டினான். மறுபடி சண்டை! "என்னடா திருட்டுத்தனம்?" என்று இவர், "எங்கிட்ட ஏண்ணே கோவப்படுறீங்க, நானா அச்சடிச்சேன்?" என்று அவன். சட்டை மாறவில்லை. போகிற போக்கில் சேலைப் பிரிவை எட்டிப் பார்த்தார் தோழர். அதே பெண் அங்கே நின்றுகொண்டிருந்தாள். முக்காலி இல்லை.

"நான் போட்ட சத்தத்துல மறுநாளே எடுத்துட்டாங்க" என்று நம்மிடம் சொல்லும்போது, முதலில் அவர் குரலில் ஒரு பெருமிதந்தான் இருந்தது. சொல்லி முடித்த பிறகு சற்று நேரம் பேசாதிருந்தார்.

தோழர்களே! அந்த முக்காலி முதலாளி மனமிரங்கிப் போட்ட பிச்சையன்று. 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, 2021ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 22-ஏ என்றொரு பிரிவைச் சேர்த்தது. வேலை நேரத்தில் உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு ஏற்ற இருக்கையை ஒவ்வொரு ஊழியருக்கும் கொடுத்தாகவேண்டும் என்பது அதன் சாரம். நமக்கு முன்பே 2018இல் கேரளம் இதைச் செய்தது. அங்கேயும் அது தானாகக் கனியவில்லை. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள், தையல் தொழிலாளியான விஜி என்ற அம்மையாரின் முயற்சியில் 'பெண்கூட்டு' என்று அணிதிரண்டு, முதலில் கழிப்பறை கேட்டார்கள். பிறகு இருக்கை கேட்டார்கள். கழிப்பறை இல்லாத கடையில் பெண்கள் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கவும் அஞ்சினார்கள் என்பதைக் கேட்கும்போது நம் நெஞ்சு கொதிக்கிறது. உட்கார்ந்த குற்றத்துக்கு அபராதம் போட்ட கடைகள் இருந்தன. இங்கிலாந்திலோ, மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று 1899ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. அந்த ஒற்றை முக்காலி நம் தியாகராய நகருக்கு வந்துசேர நூற்றிருபது ஆண்டுக்கு மேல் பிடித்திருக்கிறது. அதை ஒரே நாளில் எடுக்கவைக்க நம் தோழர் ஒருவரின் ஒரு சத்தம் போதுமானதாக இருந்திருக்கிறது!

ஏன் சத்தம் போட்டார்? அவர் கெட்டவரா? அல்லர். வெள்ள நிவாரணத்துக்கு முதலில் ஓடியவர். சங்கத் தோழர் ஒருவரை மேஸ்திரி ஒருமையில் அழைத்தார் என்பதற்காக வாயிற்கூட்டம் போட்டவர். பின் ஏன்?

இந்த நாட்டில் உட்காருவது என்பது ஓர் உடல் நிலையாக மட்டும் இருந்ததில்லை. யார் முன்னால் யார் உட்காரலாம் என்பது சாதியின் சட்டம். பண்ணையார் தெருவில் வந்தால் திண்ணையில் இருந்தவன் எழவேண்டும். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கவேண்டும். நம் பாட்டன்மார் அப்படி நின்றார்கள். துண்டு தோளுக்கு ஏறியதும், டீக்கடை பெஞ்சியில் எல்லோரும் சமமாக உட்கார்ந்ததும் நம் இயக்கத்தின் வரலாறு. அந்த வரலாற்றை மேடையில் மணிக்கணக்கில் பேசுகிற நாமே, கையில் நாலு காசு புரளும் ஒரு மாலையில், பத்து நிமிடத்துக்குப் பண்ணையாராக இருந்து பார்க்க ஆசைப்படுகிறோம். ஆண்டு முழுதும் போர்மேனுக்கு முன் நிற்கிறவனுக்கு, தன் முன்னால் எழுந்து நிற்க இந்த உலகத்தில் ஒரே ஒருத்தி கிடைக்கிறாள். வள்ளியூரிலிருந்தோ சாத்தான்குளத்திலிருந்தோ வந்து, கடைக்காரரின் விடுதியில் படுத்துறங்கி, மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பும் தொழிலாளி மகள் அவள்!

இதைச் சொல்வதால், வாடிக்கையாளரின் குறையெல்லாம் பொய் என்று நாம் கூறுவதாக எண்ணவேண்டாம். காக்கிச் சட்டையோடு, கிரீஸ் கறை போகாத நகத்தோடு உள்ளே போனவனை ஏறிட்டும் பாராமல், காரில் வந்து இறங்கியவரிடம் ஓடுகிற ஊழியர்களை நாமும் கண்டிருக்கிறோம். "அது வெல ஜாஸ்திண்ணே" என்று, கேட்காமலேயே நம் சட்டைப்பையை அளந்துவிடுவார்கள். அந்தச் சொல் சுடும். மூன்று நாளைக்கு மறக்காது. எந்த அலமாரிக்குப் போனாலும் பின்னாலேயே ஒருவர் வந்து நிற்பதும் எரிச்சல்தான். நம்மைத் திருடன் என்று நினைக்கிறார்களோ என்று தோன்றும்.

ஆனால் கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்கள். இன்றைக்கு இத்தனை ரூபாய்க்கு விற்றாகவேண்டும் என்று காலையிலேயே கணக்குக் கொடுத்துவிடுகிற கடைகள் உண்டு. சரக்குக் குறைந்தால் அந்தப் பிரிவின் ஊழியர் சம்பளத்தில் பிடிக்கும் கடைகளும் உண்டு. ஆதலால் காரில் வந்தவரிடம் ஓடுகிறாள். ஆதலால் நம் பின்னாலேயே நிற்கிறாள். பின்னால் நிற்கும் அவளையும் கூரையிலிருந்து ஒரு காமிரா பார்த்துக்கொண்டே இருக்கிறது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்றும், தொடர்ந்து நான்கு மணிக்கு மேல் வேலை வாங்கினால் இடையில் ஒரு மணி ஓய்வு தரவேண்டும் என்றும் அந்த 1947ஆம் ஆண்டுச் சட்டமே வகுத்திருக்கிறது. பண்டிகை நாளில் இரவு பத்தரைக்குக் கடைக்குள் நுழைந்து, "என்னம்மா இப்படி மூஞ்சிய வச்சிருக்கே?" என்று கேட்கிறோமே, அவள் எத்தனை மணிக்கு வந்தாள் என்று எவராவது கேட்டதுண்டா?

சட்டை விவகாரத்துக்கு வருவோம். அதிலே நியாயம் முழுக்க நம் தோழர் பக்கம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழுதான பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள்ளும் திரும்பப் பெற்றுக்கொண்டு பணம் தர மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. தையல் விட்ட சட்டை பழுதான பொருளா இல்லையா? பில்லின் அடியில் எதையாவது அச்சடித்துவிட்டால் நாட்டின் சட்டம் செத்துவிடுமா? இவ்வளவு நல்ல வழக்கு கையில் இருக்க, தோழர் என்ன செய்தார்? பில் போடும் பையனைத் திருடன் என்றார். அச்சடிக்கச் சொன்னவர் அந்த மாடியிலேயே இல்லை. விலை வைத்தவர், முக்காலியை எடுக்கச் சொன்னவர், விற்பனைக் கணக்குக் கொடுத்தவர் எவரும் மேசைக்கு அந்தப் பக்கத்தில் நிற்பதில்லை. நிற்பவள் மாதச் சம்பளக்காரி. திட்டு வாங்குவதையும் அந்தச் சம்பளத்துக்குள்ளேயே அடக்கிவிட்டார்கள். இரண்டு தொழிலாளிகள் ஒருவர் முகத்தில் ஒருவர் காறித் துப்பாத குறையாகச் சண்டையிடும்போது, கல்லா மட்டும் அமைதியாக நிரம்புகிறது.

"அப்ப நான் என்னதான் பண்ணணும்கிறீங்க?" என்று கேட்டார் தோழர், சற்றுக் கோபமாகவே.

சட்டையையும் பில்லையும் எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போகச் சொன்னோம். பையனிடம் வேண்டாம். முப்பது நாள் கணக்கை அமைதியாகச் சொல்லச் சொன்னோம். பிறகு, முக்காலி எங்கே என்று கேட்கச் சொன்னோம். 22-ஏ பிரிவை ஒரு தாளில் எழுதியும் கொடுத்தோம்.

போனார். சட்டை மாறிவிட்டது, ஐந்து நிமிடங்கூட ஆகவில்லையாம். முக்காலியைப் பற்றிக் கேட்டதும் மேனேஜர் சிரித்தாராம். "எங்களுக்கு ஒண்ணும் இல்ல சார். கஸ்டமருங்க விரும்ப மாட்டேங்கறாங்க. போன மாசங்கூட ஒருத்தர் வந்து பெரிய ரகளை பண்ணிட்டாரு."

"அந்த ஒருத்தன் நான்தான்" என்றாராம் தோழர். "எனக்கு இப்ப ஆட்சேபணை இல்ல. போடுங்க."

சேலைப் பிரிவுக்கும் போயிருக்கிறார். அந்தப் பெண் இவரை அடையாளம் கண்டுகொண்டாள். கண்டதும் இன்னும் நேராக நிமிர்ந்து நின்றாளாம். அதைச் சொல்லும்போது தோழரால் நம் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "தங்கச்சி, அன்னிக்கு நான் பேசினது தப்பும்மா" என்று சொன்னதற்கு, அவள் சூப்பர்வைசர் நிற்கும் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "பரவாயில்லண்ணே, என்ன பாக்குறீங்க?" என்றாள்.

இதை எழுதும் நாள் வரை முக்காலி திரும்பவில்லை. தொழிலாளர் துறை உதவி ஆய்வாளருக்கு மனு எழுதியிருக்கிறோம். கடையின் பெயரும், மாடியும், பிரிவும் அதில் இருக்கின்றன, அந்தப் பெண்ணின் பெயர் இல்லை. வரும் ஞாயிறன்று தோழரின் கிளையிலிருந்து மேலும் நான்கு பேர், துணி எடுக்க வேண்டியவர்கள்தாம், அதே கடைக்குக் குடும்பத்தோடு போகிறார்கள். நால்வரும் மேனேஜரிடம் அதே கேள்வியைக் கேட்பார்கள்.