படம் முடிஞ்சப்புறம்தான் ஆட்டமே!

பெரியகுளம் மாந்தோப்புல குறி தவறாம கல்லெறிஞ்சு காய் அடிச்ச ஆளா நீங்க? அப்போ இது உங்களுக்குத்தான் பாஸ்!

பேஸ்பால்ல பந்து எறியறவர் ‘பிட்சர்’. அவர் களைச்சுட்டாலோ, அடி வாங்கினாலோ நடுவுல இறங்கறவர் ‘ரிலீஃப் பிட்சர்’. எப்போ கூப்பிடுவாங்கனு தெரியாது. ஓரமா கையைச் சூடேத்திக்கிட்டே காத்திருக்கணும்.

ரிங்கு சிங், உத்தரப்பிரதேச லாரி டிரைவர் மகன். ஈட்டி எறிவார், பேஸ்பால் ஆடினதே இல்லை. 2008-ல ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ டி.வி. போட்டியில மணிக்கு சுமார் 140 கி.மீ. வேகத்துல எறிஞ்சு, ஒரு லட்சம் டாலரைத் தட்டினார். அவரையும் தினேஷ் படேலையும் அதே வருஷம் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ஒப்பந்தம் பண்ணுச்சு. 2014-ல இது படமாவும் வந்துச்சு. மியூசிக், நம்ம ஏ.ஆர்.ரஹ்மான்! ஒப்பந்தத்தோட படம் சுபம்.

நிஜத்துல?

அங்கதான் ஆரம்பமே! 2009-ல மைனர் லீக்கோட அடிமட்டத்துல தொடங்கினார். தினேஷ் 2010-லயே வெளியே வந்துட்டார். ரிங்கு விடலை. ஆஸ்திரேலியா லீக் வரைக்கும் போய் எறிஞ்சார். 2012-ல வெஸ்ட் வர்ஜீனியா பவர் அணியில இடம். மேஜர் லீகுக்கு நடுவுல இன்னும் மூணு படி. அதுக்குள்ள காயம்! சீசன் சீசனா போச்சு. மேஜர் லீக்ல ஒரு பந்துகூட எறியாமலே பேஸ்பாலை விட்டார்.

2018-ல டபிள்யூ.டபிள்யூ.ஈ. மல்யுத்தம் கூப்பிட்டுச்சு. போனார், ‘வீர் மகான்’ ஆனார்.

செலக்‌ஷன் லிஸ்ட்ல பேர் வந்ததும் பார்ட்டி கேட்கற மாப்ளைங்களா... அது இன்டர்வெல்கூட இல்லை. கை சூடா இருக்கட்டும்!