மத்திகிரியும் மாநகராட்சியும்: ஓசூர்ப் பகுதியின் பேரூராட்சி வரலாறும் அமைப்பும்

ஊராட்சி என்றவுடன் உத்திரமேரூர்க் கல்வெட்டையும் குடவோலை முறையையும் எடுத்துக்காட்டிப் பெருமிதம் கொள்வது நம் வழக்கம். ஊரை முப்பது குடும்புகளாகப் பகுத்து உறுப்பினரைத் தேர்ந்த, முதற் பராந்தகன் காலத்து அவ்வேற்பாடு பெருமைக்குரியதே. ஆயினும், இன்று நமக்குக் குடிநீரும் தெருவிளக்கும் வழங்குகின்ற மன்றத்தின் வரலாற்றை நம்மில் பலர் அறிய முற்படுவதில்லை. ஓசூரை அடுத்த மத்திகிரியைச் சான்றாகக் கொண்டு அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரலாற்றுப் பின்னணி

'ஹொச ஊரு' என்னும் கன்னடத் தொடருக்குப் 'புதிய ஊர்' என்பது பொருள். 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகால் பகுதி ஆங்கிலேயர் வசமாயிற்று. ஓசூர்ப் பகுதியோ, 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின்னரே சேலம் மாவட்டத்தோடு இணைந்தது. 1824இல் கும்பினியார் படைக்குதிரைகளுக்காக மத்திகிரியில் பண்ணையொன்றை நிறுவினர். அதுவே பின்னர்ப் புகழ்பெற்ற கால்நடைப் பண்ணையாக வளர்ந்தது. 1965இல் தருமபுரி மாவட்டமும், 2004இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டமும் தோன்றின.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜி, ஆளுநர் நாயகமாக உயர்வதற்கு முன், 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக விளங்கினார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

பேரூராட்சியின் அமைப்பு

சிற்றூருக்கும் நகருக்கும் இடைப்பட்டது பேரூராட்சி. 1993இல் நடைமுறைக்கு வந்த எழுபத்து நான்காம் அரசியலமைப்புத் திருத்தமும், சிற்றூர் நிலையிலிருந்து நகர நிலைக்கு மாறிவரும் பகுதிக்கே இவ்வமைப்பினை வகுத்துள்ளது. தமிழகத்தில் ஊராட்சிச் சட்டத்தின்கீழ் இருந்த பேரூராட்சிகள், 1994 முதல் நகராட்சிச் சட்டத்தின்கீழ் வந்தன. 2004இல் அவற்றுட் பெரும்பாலானவை சிறப்பு ஊராட்சிகளாக்கப்பட்டு, 2006இல் மீண்டும் பேரூராட்சிகளாயின. ஊர் மாறவில்லை, சட்டத்தில் அதன் பெயரே மாறியது!

பேரூராட்சி வார்டுகளாகப் பகுக்கப்பெற்று, வார்டுக்கு ஓர் உறுப்பினர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறார். 2022ஆம் ஆண்டுத் தேர்தலில், தலைவரையும் துணைத் தலைவரையும் அவ்வுறுப்பினர்களே தேர்ந்தனர். மகளிருக்கான ஒதுக்கீடு 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் ஐம்பது விழுக்காடாக உயர்ந்தது. மன்றத்தின் தீர்மானங்களைச் செயற்படுத்துபவர் அரசால் அமர்த்தப்படும் செயல் அலுவலர். நகராட்சியிலும் மாநகராட்சியிலும் இப்பணி ஆணையரைச் சாரும். சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, சந்தை ஏலம், மாநில நிதி ஆணையப் பகிர்வு ஆகியன வருவாய் இனங்கள்.

இணைப்பும் அதன் விளைவும்

1971இல் தோற்றுவிக்கப்பட்ட சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. மோட்டார் வாகனமும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகள் வந்தன, மக்கள் பெருகினர். 1992இல் ஓசூர் நகராட்சியாயிற்று. 2011இல் மத்திகிரிப் பேரூராட்சியும், சூசூவாடி, மூக்கண்டப்பள்ளி, ஆவலப்பள்ளி ஊராட்சிகளும் அதனுடன் இணைந்தன. 2019இல் ஓசூர் மாநகராட்சியாக உயர்ந்து, 2022இல் 45 வார்டுகளுக்குத் தேர்தல் கண்டது.

இவ்விணைப்பு நன்றா, தீதா? இரு பக்கமும் நோக்குதல் வேண்டும். பெரிய மன்றத்திற்கு வருவாய் மிகுதி. கழிவுநீர், குப்பை மேலாண்மை போன்ற பெரும்பணிகளை அதனால் மேற்கொள்ள இயலும். நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த இப்பகுதிக்கு 2013இல் வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், சிறிய மன்றங்கள் தனித்துச் செய்யவொண்ணாதது. மறுபக்கம், தனி மன்றமும் தனித் தலைவரும் கொண்டிருந்த மத்திகிரி, இன்று பெரியதோர் அவையின் ஒரு பகுதியே. இணைந்த சிற்றூர்களோ கிராம சபையையும், ஊரகத்திற்கே உரிய வேலைத் திட்டத்தையும் இழந்தன, வரிச்சுமையும் கூடுகிறது.

2022ஆம் ஆண்டுத் தேர்தலின்போது இம்மாவட்டத்தில் தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், காவேரிப்பட்டணம், பர்கூர், ஊத்தங்கரை, நாகோஜனஹள்ளி என ஆறு பேரூராட்சிகள் இருந்தன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் கலந்தொலிக்கும் இவ்வெல்லைப் பகுதியில், எம்மொழியினரும் தம் குறையைத் தம் ஊர் உறுப்பினரிடம் நேரிற் சென்று உரைக்கும் எளிமையே சிறிய மன்றத்தின் சிறப்பு. ஊர் வளர்வதைத் தடுக்க இயலாது. அவ்வெளிமை அழியாமற் காக்க இயலும். எல்லை மாற்றம் குறித்த அறிவிக்கை வெளிவரும்போது, குறித்த காலத்திற்குள் எழுத்து வாயிலாகக் கருத்துரைக்க மக்களுக்கு வாய்ப்புண்டு. அறியாமையால் அதனை நழுவவிட்டுப் பின்னர் வருந்துவது பயனற்றது.

மாணவச் செல்வங்கள் தத்தம் வார்டு எண்ணையும், மன்றத்தின் வரவு செலவையும் அறிந்துகொள்வார்களாக! ஊர்ப் பெரியோர் அவர்க்கு வழிகாட்டுவார்களாக! அவ்வாறு செய்யின், குடவோலைப் பெருமை கல்வெட்டோடு நில்லாது நம் தெருவிலும் வாழும்.