விழிக்க மறுக்கும் கணிப்பொறி

இணைய இணைப்புக்காக வீட்டில் வைக்கும் சிறு பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் ஒரு முழுக் கணிப்பொறியே இயங்குகிறது. இவ்வாறு பிற கருவிகளுக்குள் பொதிந்திருக்கும் கணிப்பொறிகள் பலவற்றை லினக்ஸ் என்னும் மென்பொருள் இயக்குகிறது. நேற்று வரை ஒழுங்காக இயங்கிய கருவி, மென்பொருளைப் புதுப்பித்ததும் விழிக்க மறுத்தால் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இதைச் சற்று ஆராய்வோம்.

வன்பொருளின் விவரப் பட்டியல்

மேசைக் கணிப்பொறியில் பல உறுப்புகள், 'நான் இன்னார்' என்று தம்மைத் தாமே அறிவித்துக் கொள்ளும். பொதிந்த கணிப்பொறியின் சில்லுகளுக்குப் பெரும்பாலும் அந்தத் திறன் கிடையாது. நினைவகம் எந்த முகவரியில் தொடங்குகிறது, எந்தச் சில்லு எந்தக் கம்பியில் இணைந்திருக்கிறது என்பவற்றையெல்லாம் யாராவது எழுதித் தர வேண்டும். அவ்வாறு எழுதப்பட்ட விவரத்திற்குச் 'சாதன மரம்' (டிவைஸ் ட்ரீ) என்று பெயர். அடிமரம், கிளை, சிறுகிளை என விரிவதால் இப்பெயர் பெற்றது.

முன்பெல்லாம் ஆர்ம் வகைச் சில்லுகளுக்கு இவ்விவரங்களை மென்பொருளுக்குள்ளேயே ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனியாக எழுதி வந்தனர். அவை பெருகிக் குழப்பம் மிகுந்ததை 2011ஆம் ஆண்டில் லினக்சைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸ் கடுமையாகக் கண்டித்தார். அதன் பிறகு ஆர்ம் சில்லுகளும் சாதன மரத்துக்கு மாறின.

இந்த முறையில் ஓர் ஆபத்தும் உண்டு. பட்டியலில் ஒரு முகவரியோ ஒரு சொல்லோ பிழையானால் வன்பொருளில் பழுது எதுவுமின்றியே கருவி முடங்கிவிடும்.

முதல் தடயம்

திரையில்லாத கருவியின் நிலையை அறிய, பலகையில் உள்ள தொடர்முனையில் மூன்று கம்பிகளை இணைப்பர். அதன் வழியே பொதுவாக வினாடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் செய்திகள் வரும். ஓர் எழுத்துக்கு 10 பிட் வீதம், வினாடிக்கு 11,520 எழுத்துகள். செய்தி எந்த வரியோடு நின்றது என்பதே முதல் தடயம். நல்ல நிலையில் வந்த செய்தியையும் இதையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால், பாதை பிரியும் இடம் தெரியும்.

பாதியாக வெட்டுதல்

பழைய பதிப்புக்கும் புதிய பதிப்புக்கும் இடையே 10,000 மாற்றங்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றாகச் சோதிப்பது இயலாத காரியம். திருவிழாவில் தொங்கவிடும் சீரியல் விளக்குச் சரத்தை நினைத்துப் பாருங்கள். தொடரிணைப்பில் உள்ள 64 பல்புகளில் ஒன்று போய்விட்டால் சரம் முழுவதும் அணைந்துவிடும். முதல் 32 பல்புகளில் மின்தொடர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் குற்றவாளி மறுபாதியில் இருக்கிறது. பிறகு 16, 8, 4, 2, 1. ஆறே சோதனைகளில் பல்பு அகப்பட்டுவிடும். அதே முறையில், 2¹⁴ = 16,384 ஆதலால், 10,000 மாற்றங்களுக்கு 14 சோதனைகள் போதும்.

கண்டுபிடித்ததும் வேலை முடிந்ததா?

முடியவில்லை! 2020ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்றைப் பாருங்கள். ரியல்டெக் ஆர்டிஎல் 8211இ என்னும் பிணையச் சில்லு, நான்கு கம்பிகளில் 125 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத் துடிப்பின் ஏறும்போதும் இறங்கும்போதும் தரவை அனுப்புகிறது. 4 × 125 × 2 = வினாடிக்கு 1,000 மெகாபிட். ஆகவே ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 4 நானோவினாடியே. பிட்டின் நடுவில் அதைப் படிக்கவேண்டுமானால் கடிகாரத் துடிப்பு சுமார் 2 நானோவினாடி தாமதிக்க வேண்டும். அந்நேரத்தில் பலகையின் செம்புத் தடத்தில் குறிகை ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் செல்லும். அத்தனை நீளத் தடத்தைச் சிறிய பலகையில் வரைவது கடினம். எனவே சில்லே தாமதத்தை உண்டாக்குகிறது. 4.7 கிலோஓம் மின்தடை ஒன்றை அதற்குரிய முனையில் இணைத்தால் அது நிகழும்.

பல பலகைகளில் இம்மின்தடை இருந்தது. ஆனால் சாதன மரமோ, 'சில்லு தாமதிக்க வேண்டாம்' என்றது. அது பிழை. இருந்தும் பலகைகள் நன்றாகவே இயங்கின! காரணம், மென்பொருளிலும் ஒரு பிழை இருந்தது. அது தவறான பிட்டுகளில் எழுதியதால் கட்டளை பலிக்கவில்லை. மின்தடை சொன்னதே நடந்தது. 2020இல் மென்பொருளின் பிழையைத் திருத்தினார்கள். உடனே அது சாதன மரத்தின் பொய்யான கட்டளையை உண்மையாகவே நிறைவேற்றித் தாமதத்தை நீக்கியது, பிணையம் செயலிழந்தது. தன் கோப்புகளைப் பிணையத்தின் வழியே பெற்று விழிக்கும் கருவியாக இருந்தால், அது பாதியிலேயே நின்றுவிடும்.

இப்போது பாதியாக வெட்டும் முறை யாரைச் சுட்டும்? சரியாகச் செய்யப்பட்ட திருத்தத்தையே! கோளாறு எப்போது வெளிப்பட்டது என்பதையே அம்முறை கூறும். ஏன் என்பதை நாம்தான் ஆராய வேண்டும். அத்திருத்தத்தை நீக்கியிருந்தால் கருவி இயங்கியிருக்கும், பொய்யும் நிலைத்திருக்கும். அவ்வாறு செய்யாமல், ஒவ்வொரு பலகையின் சாதன மரத்திலும், 'சில்லே தாமதிக்கட்டும்' என்று மாற்றி எழுதினார்கள்.

ஒரு கருவி இயங்குவதாலேயே அதைப் பற்றிய நம் விவரம் சரியானது என்று கொள்ள முடியாது. ஆய்வுக்கூடத்தில் விடை சரியாக வந்துவிட்டால் அளவீடுகளைப் பரிசோதிக்காமல் விடுவோருக்கும் இது பொருந்தும். இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக் கொண்டிருக்கலாம் அல்லவா?

உங்களுக்கு ஒரு கணக்கு: 1,000 மாற்றங்களில் ஒன்றே கோளாறுக்குக் காரணம் எனில், எத்தனை சோதனைகள் போதும்?