பன்னிரண்டு லட்சம் பேரின் நாடு

1755-ல் எடின்பரோவைச் சேர்ந்த பாதிரியார் அலெக்சாண்டர் வெப்ஸ்டர், ஸ்காட்லாந்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார். ஒவ்வொரு திருச்சபை வட்டத்தின் குருவிடமிருந்தும் தலைக்கணக்கை வாங்கிக் கூட்டிப் பார்த்தார். வந்த தொகை 12,65,380. குளிரும் மழையும் மிகுந்த நாடு, விளைநிலம் குறைவு. பனாமா கரையில் குடியேற்றம் அமைக்க 1698-ல் கப்பல் அனுப்பி, போனவர்களில் பெரும்பாலோரையும் நாட்டின் சேமிப்பில் பெரும்பங்கையும் பறிகொடுத்திருந்தது. 1707-ல் சொந்த நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டு இங்கிலாந்தோடு இணைந்தது.

இந்தச் சின்னக் கூட்டத்திலிருந்து அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் வந்தவர்களை எண்ணினால் மலைப்பாகத்தான் இருக்கிறது. ஜேம்ஸ் வாட், பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித், தத்துவ அறிஞர் டேவிட் ஹ்யூம், நவீன நிலவியலைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் ஹட்டன், பிரசவ வலிக்குக் குளோரோஃபார்ம் கொடுத்த ஜேம்ஸ் யங் சிம்சன், மின்காந்த அலைகளைக் கணிதத்தில் கண்டுகொண்ட ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் என்று வரிசை நீள்கிறது. இவர்களைத் தனித்தனி மேதைகளாகப் போற்றுவது எளிது. ஆனால் இத்தனை மேதைகள் ஒரே இடத்தில் தற்செயலாகப் பிறந்துவிட்டார்கள் என்று நம்புவது கடினம். அவர்களுக்கு முன்பே அங்கே ஏதோ ஒன்று தயாராகியிருந்தது.

அது பள்ளிக்கூடம். 1560-ல் ஸ்காட்லாந்தில் சமயச் சீர்திருத்தம் நடந்தபோது ஜான் நாக்ஸும் அவருடைய தோழர்களும் ஒவ்வொரு சபை வட்டத்துக்கும் ஒரு பள்ளி வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். ஒவ்வொரு மனிதனும் விவிலியத்தைத் தானே படிக்க வேண்டும் என்பதே நோக்கம். 1696-ல் அது உறுதியான சட்டமானது. பள்ளிக்கட்டடத்துக்கும் ஆசிரியர் சம்பளத்துக்கும் உள்ளூர் நிலவுடைமையாளர்களே பணம் தர வேண்டும் என்று அது விதித்தது. எல்லா ஊரிலும் உடனே நடந்துவிடவில்லை. மேட்டுநிலப் பகுதிகளில் நெடுநாள் பிடித்தது. ஆனாலும் உழவர் மகனும் நெசவாளி மகனும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாக வளரும் நிலை பரவியது. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்று இரண்டே பல்கலைக்கழகங்கள் இருந்த காலத்தில் ஸ்காட்லாந்தில் ஐந்து இருந்தன. கட்டணமும் குறைவு.

அதே நாடு கொடூரமும் செய்தது. அந்தச் சட்டம் வந்த சில மாதங்களில், 1697 ஜனவரியில், தாமஸ் ஐக்கன்ஹெட் என்ற இருபது வயது மாணவரைத் தெய்வநிந்தனைக் குற்றத்துக்காக எடின்பரோவில் தூக்கிலிட்டார்கள். எழுத்தறிவைக் கொடுத்த திருச்சபை, எழுத்தறிந்தவர்கள் கேள்வி கேட்பதை விரும்பவில்லை. ஆனால் கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியவில்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டில் அதே எடின்பரோவில் அமர்ந்து ஹ்யூம் சமய நம்பிக்கைகளின் அடிப்படையையே ஆராய்ந்து எழுதிக்கொண்டிருந்தார். பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியை அவருக்கு மறுக்க முடிந்தது. அவர் வாயை அடைக்க முடியவில்லை.

பள்ளியோடு இன்னொன்றும் சேர்ந்தது. அதைப் புரிந்துகொள்ள கிளாஸ்கோவுக்குப் போக வேண்டும். கெட்டில் மூடி துள்ளுவதைப் பார்த்துச் சிறுவன் வாட் நீராவி எந்திரத்தைக் கண்டுபிடித்தான் என்ற கதை பிள்ளைகளுக்கு இன்றும் சொல்லப்படுகிறது. நடந்தது அதைவிடச் சுவையானது. நீராவி எந்திரம் வாட் பிறப்பதற்கு முன்பே இருந்தது. தாமஸ் நியூகோமன் என்ற ஆங்கிலேயர் 1712-லேயே அதைச் சுரங்கத்தில் இயக்கிக் காட்டிவிட்டார். வாட் கருவிகள் செய்யும் கைவினைஞர். முறைப்படி தொழில் பயின்று முடிக்காததால் கிளாஸ்கோ நகரக் கைவினைஞர் சங்கம் அவரைக் கடை வைக்க விடவில்லை. 1757-ல் பல்கலைக்கழகம் தன் வளாகத்துக்குள்ளேயே அவருக்குப் பட்டறை கொடுத்தது. பேராசிரியர்களும் மாணவர்களும் அங்கே வந்து உட்கார்ந்து பேசுவார்கள். அறநெறி கற்பித்த ஆடம் ஸ்மித்தும் வேதியியல் கற்பித்த ஜோசஃப் பிளாக்கும் அவருடைய நண்பர்கள்.

1763-64 குளிர்காலத்தில் வகுப்பறையில் பயன்பட்ட நியூகோமன் எந்திரத்தின் சிறு மாதிரி ஒன்று பழுதுபார்க்க அவரிடம் வந்தது. பழுது நீங்கிய பிறகும் அது சில முறை இயங்கி நின்றுவிட்டது; கொதிகலனின் நீராவி போதவில்லை. வாட் அளந்து பார்த்தார். உருளைக்குள் புகும் நீராவியைக் குளிர்நீர் பீய்ச்சிச் சுருக்கினால்தான் வெற்றிடம் உண்டாகி, வெளிக்காற்றின் அழுத்தத்தில் பிஸ்டன் கீழே இறங்கும். ஆனால் அந்தக் குளிர்நீர் உருளையையும் சேர்த்துக் குளிரவைத்தது. அடுத்த முறை வரும் நீராவியில் பெரும்பகுதி உருளையை மறுபடி சூடாக்குவதற்கே செலவானது. நீராவி நீராகும்போது ஏன் அவ்வளவு வெப்பம் வெளிவருகிறது என்பதை விளக்கும் உள்ளுறை வெப்பக் கொள்கையைப் பிளாக் அதே பல்கலைக்கழகத்தில் பாடமாக நடத்திக்கொண்டிருந்தார். 1765-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளாஸ்கோ பசும்புல் திடலில் நடந்துகொண்டிருந்தபோது வாட்டுக்கு வழி புலப்பட்டது. நீராவியை வேறொரு கலத்துக்குக் கொண்டுபோய் அங்கே குளிரவைத்தால் போதும். உருளை எப்போதும் சூடாகவே இருக்கும்.

எண்ணம் ஒரு நடையில் வந்தது. எந்திரம் ஆவதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது. பிளாக் கடன் கொடுத்தார். ஜான் ரோபக் என்ற தொழிலதிபர் முதல் போட்டார். அவர் நொடித்துப்போன பின் பர்மிங்காமின் மேத்யூ போல்டன் கூட்டாளியானார். பழைய எந்திரத்தோடு ஒப்பிட்டால் மிச்சமாகும் நிலக்கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கை இருவரும் கட்டணமாக வாங்கினார்கள். கைவினைஞரும் பேராசிரியரும் முதலீட்டாளரும் ஒரே மேசையில் உட்கார முடிந்த ஊரில் பிறந்த எந்திரம் அது. சாதியும் சங்கமும் பட்டமும் குறுக்கே நிற்காத அந்த மேசைதான் ஸ்காட்லாந்தின் உண்மையான கண்டுபிடிப்பு என்று சொல்லத் தோன்றுகிறது.

எடின்பரோவிலும் அப்படியொரு மேசை இருந்தது. ஸ்மித், பிளாக், ஹட்டன் மூவரும் சேர்ந்து ஓர் உணவு மன்றம் நடத்தினார்கள். ஹட்டன் மருத்துவம் படித்துவிட்டு உழவு செய்தவர். மண் கரைந்து கடலுக்குப் போவதையும் பாறை மறுபடி எழுவதையும் பார்த்து, பூமியின் கதைக்குச் சில ஆயிரம் ஆண்டுகள் போதாது என்று வாதிட்டார். சாவதற்குச் சில நாள் முன்பு தன் கையெழுத்துப் படிகளை எரித்துவிடச் சொல்லி ஸ்மித் கேட்டுக்கொண்டபோது அதைச் செய்தவர்கள் பிளாக்கும் ஹட்டனும்தான்.

ஆனால் அந்த மேசையில் பெண்களுக்கு இடமில்லை. 1780-ல் பிறந்த மேரி சோமர்வில், இரவில் யூக்ளிடின் வடிவியலைப் படிக்கிறாள் என்று வீட்டார் மெழுகுவத்தியை எடுத்துவிட்டார்கள். அவர் மனப்பாடமாக வைத்திருந்த தேற்றங்களை இருட்டில் நினைவிலேயே தீர்த்தார். பின்னாளில் வானியல் கணிதத்தை விளக்கி 1831-ல் அவர் எழுதிய நூல் பேரறிஞர்களுக்கே பாடமானது. ஸ்காட்லாந்தின் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்குப் பட்டம் தர முன்வந்தது 1892-ல்.

படித்தவர்கள் பெருகினார்கள், ஊரில் வேலை பெருகவில்லை. ஆகவே கிளம்பினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் படையிலும் மருத்துவப் பணியிலும் அலுவலகங்களிலும் ஸ்காட்லாந்துக்காரர்கள் அவர்களுடைய மக்கள்தொகைக்குச் சற்றும் பொருந்தாத அளவில் நிறைந்திருந்தார்கள். அப்படிச் சென்னைக்கு வந்தவர்களில் ஒருவர் ஆண்ட்ரூ பெல். செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்து முடிதிருத்துபவரின் மகன். 1789-ல் எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ஆண்கள் அனாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். ஆசிரியர்கள் சோம்பலாகவும் புதுமைக்கு இணங்காதவர்களாகவும் இருந்தது அவருக்குப் பெரிய தலைவலி. ஒரு நாள் காலை குதிரையில் போகும்போது ஒரு நாட்டுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தரையில் மணல் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைப் பார்த்தார்.

நம் திண்ணைப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்த முறைதான் அது. ஏடும் மையும் வீணாகாது; தப்பாகிப்போனால் கையால் தடவி அழித்துவிடலாம். முன்னால் படித்த சட்டாம்பிள்ளை பின்னால் வந்த பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவான். பெல் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். தன் ஆசிரியர்கள் மறுத்தபோது, ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். சிறுவன் ஆசிரியர்களைவிட நன்றாகச் சொல்லிக்கொடுத்தான். 1797-ல் லண்டனில் பெல் இதை நூலாக வெளியிட்டார். ஏழைப் பிள்ளைகளுக்குக் குறைந்த செலவில் கல்வி கொடுக்க வழி தேடிக்கொண்டிருந்த இங்கிலாந்து அதைப் பிடித்துக்கொண்டது. 1811-ல் இங்கிலாந்துத் திருச்சபையின் ஆதரவில் தோன்றிய தேசியக் கழகம் அந்த முறையில் ஆயிரக்கணக்கான பள்ளிகளை நடத்தியது. அதற்கு ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர். பெல் விட்டுச்சென்ற பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த பள்ளி இன்றும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்ற பெயரில் இயங்குகிறது. பெல்லின் கல்லறை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இருக்கிறது. மணலில் எழுதப் பழக்கிய அந்த நாட்டுப் பள்ளி வாத்தியாரின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கிளாஸ்கோவில் பிறந்து 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோவை ரயத்துவாரி வரிமுறைக்காகவே பெரும்பாலோர் அறிவார்கள். 1822-ல் மாகாணத்தின் பள்ளிகளை எண்ணச் சொன்னவரும் அவர்தான். மாவட்ட அதிகாரிகள் அனுப்பிய கணக்கின்படி 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அதில் பெண்பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. ஆங்கிலேயர் வந்துதான் இங்கே பள்ளி வந்தது என்று சொல்பவர்களுக்கும், பழைய பள்ளிகள் எல்லாரையும் சேர்த்துக்கொண்டன என்று சொல்பவர்களுக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும் கணக்கு அது.

ஸ்டோர்னோவே என்ற தீவு நகரத்தில் பிறந்த காலின் மெக்கன்சியின் கதையும் இத்தகையதே. மடக்கையைக் கண்டுபிடித்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் நேப்பியரின் வரலாற்றை எழுத விரும்பிய குடும்பத்துக்காக, இந்துக் கணிதம் பற்றிய குறிப்புகளைத் தேடத் தொடங்கியதிலிருந்து அவருக்கு இந்திய ஆர்வம் பிறந்தது. 1783-ல் சென்னைக்கு வந்து நில அளவையாளராகி, பிறகு இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளரானார். போன ஊரிலெல்லாம் கல்வெட்டுகளையும் ஏடுகளையும் ஊர்க்கதைகளையும் சேர்த்தார். உண்மையில் ஊர் ஊராகப் போய்ப் பேசி, படியெடுத்து, மொழிபெயர்த்தவர்கள் காவலி வெங்கட போரய்யாவும் அவருடைய சகோதரர்களும் அவர்களுடைய உதவியாளர்களும். மெக்கன்சிக்கு அந்த மொழிகள் சரளமாகத் தெரியாது. அந்தத் திரட்டின் ஒரு பகுதி இன்று சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது.

மற்ற திசைகளில் போனவர்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். டன்ஃபெர்ம்லின் நெசவாளி மகன் ஆண்ட்ரூ கார்னகி அமெரிக்காவில் எஃகு வணிகத்தில் கோடீஸ்வரராகி 2,500-க்கும் அதிகமான நூலகங்களுக்குப் பணம் தந்தார். அவருடைய எஃகு ஆலையொன்றின் 1892 வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதையும் அவர் பெயரோடு சேர்த்தே நினைக்க வேண்டும். பெனிசிலினை 1928-ல் கண்ட அலெக்சாண்டர் ஃபிளெமிங் அயர்ஷயர் பண்ணைவீட்டுப் பிள்ளை. அதை மருந்தாக்கியவர்கள் ஆஸ்திரேலியரான ஃபுளோரியும் ஜெர்மனியிலிருந்து அகதியாக வந்த செயினும்.

இந்தச் செல்வாக்கின் இருண்ட பக்கமும் பெரிது. கிளாஸ்கோவின் செல்வம் அமெரிக்கப் புகையிலையிலும் கரீபியன் சர்க்கரையிலும் வந்தது. இரண்டையும் விளைவித்தவர்கள் அடிமைகள். மனித சமத்துவத்தைப் பாடிய கவிஞர் ராபர்ட் பர்ன்ஸே 1786-ல் ஜமைக்கா தோட்டமொன்றில் கணக்கெழுதும் வேலைக்குப் போகத் தயாராகியிருந்தார். அவருடைய கவிதை நூல் வெற்றி பெற்றதால் போகவில்லை. 1778-ல் ஜோசஃப் நைட் என்ற ஆப்பிரிக்கர் தன்னை அடிமையாக வைத்திருந்த முதலாளியை எதிர்த்து எடின்பரோ நீதிமன்றத்தில் வென்றார். ஸ்காட்லாந்துச் சட்டம் அடிமைமுறையை ஏற்காது என்று தீர்ப்பானது. ஆனால் கடலுக்கு அப்பால் தோட்டங்கள் நடந்துகொண்டேயிருந்தன. எடின்பரோவில் மருத்துவம் கற்ற வில்லியம் ஜார்டின், ஜேம்ஸ் மேத்திசனோடு சேர்ந்து 1832-ல் கான்டனில் நிறுவனம் தொடங்கிச் சீனாவுக்கு அபின் விற்றார்.

தமிழர்களுக்கு மிக நெருக்கமாக வருவது இலங்கைத் தேயிலை. கிங்கார்டின்ஷயரில் பிறந்த ஜேம்ஸ் டெய்லர் 1852-ல் பதினாறு வயதில் இலங்கைக்கு வந்து, கண்டிக்கு அருகே லூல்கந்துர தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1867-ல் அங்கே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். முதலில் பங்களா வராந்தாவில் மேசை போட்டு, கையாலேயே இலையை உருட்டினார்கள். 1869 முதல் காப்பிச் செடிகளைத் துருநோய் பிடித்து அந்தத் தொழிலே அழிந்தபோது டெய்லரின் சோதனைதான் தோட்டக்காரர்களுக்குக் கைகொடுத்தது. 1890-ல் கிளாஸ்கோ மளிகைக்கடைக்காரர் தாமஸ் லிப்டன் வந்து தோட்டங்களை வாங்கி, மலிவு விலைப் பொட்டலங்களில் தேயிலையைத் தொழிலாளர் வீடுகளுக்குக் கொண்டுபோனார். ஹட்டன், டன்கெல்ட், ஹோலிரூட் என்று மலையகத்தில் இன்றும் புழங்கும் பெயர்கள் அந்தத் துரைமார் விட்டுவந்த ஊர்களை நினைவூட்டுகின்றன.

காட்டை வெட்டியதும் கொழுந்து கிள்ளியதும் திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து போன தமிழர்கள். காப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மலைக்கு நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் பலர் வழியிலேயே மாண்டார்கள். போய்ச் சேர்ந்தவர்கள் கங்காணியின் கடனிலும் லயன் அறைகளிலும் வாழ்ந்தார்கள். 1948-ல் சுதந்திர இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் இரு நாட்டுப் பிரதமர்கள் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று பங்கிடப்பட்டார்கள். எஞ்சி நின்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003-ல்தான் வந்தது.