கோப்பிப் பொட்டலத்துக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலோ கிள்ளான் லிட்டில் இந்தியாவிலோ பசியாற உட்காரும் அண்ணன்மார் முழங்கால் வலியைப் பேசுவார்கள், இனிப்புநீர் மாத்திரையைப் பேசுவார்கள். படுக்கையில் முன்போல முடியவில்லை என்பதை மட்டும் வாய்திறந்து சொல்ல மாட்டார்கள். "அசதியா இருக்கு" என்று மனைவிக்கு முதுகைக் காட்டிப் படுத்துவிடுவார்கள். நாற்பதைத் தாண்டியபின் மெல்ல மெல்லத் தலைகாட்டும் விறைப்புக் குறைபாடு பல சமயம் இதயம் அனுப்பும் முன்னறிவிப்பு என்பதால், இதை நிதானமாகப் பேசியாக வேண்டும் அண்ணே.

உடம்புக்குள் நடப்பதை முதலில் பார்ப்போம். ஆசை மூளையில் எழுகிறது, நரம்பு வழியே கட்டளை இறங்குகிறது. நரம்பு முனைகளும் ரத்தக்குழாயின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளிவிடுகின்றன. அது பட்டதும் குழாயைச் சுற்றியுள்ள தசை தளர்கிறது, ரத்தம் பாய்ந்து நிரம்புகிறது, விறைப்பு வருகிறது. ரத்த ஓட்டத்தில் இந்த வாயுவின் பங்கைக் கண்டறிந்ததற்காகத்தான் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் 1998இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இதே உட்சுவர்தான் இதயத்தின் ரத்தக்குழாய்களுக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், சிகரெட் நான்கும் அதை எல்லா இடத்திலும் சேர்த்தே அரிக்கின்றன.

அப்படியானால் முதலில் ஏன் இங்கே தெரிகிறது? அளவுதான் காரணம். ஆணுறுப்புக்குள் போகும் தமனியின் விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர், இதயத் தமனிக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர். குழாய்களில் ஒரே அளவு பாசி படிந்தால் ஒல்லிக் குழாயில்தானே தண்ணீர் முதலில் குறையும்? விறைப்பு குறைந்து 2 முதல் 5 ஆண்டுகளுக்குள் நெஞ்சுவலி வந்தவர்கள் பலரை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்த இடைவெளி நமக்குக் கிடைக்கும் அவகாசம்.

நம் மக்களுக்கு இந்த அவகாசம் கூடுதலாகவே தேவைப்படுகிறது. 2019இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. நாட்டளவில் அந்த நோய் உள்ளவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு அது இருப்பதே தெரியவில்லை. கூடிய சர்க்கரை குழாயோடு நரம்பையும் சேர்த்துக் கெடுப்பதால், விறைப்புக்கு இரண்டு பக்கமும் அடி விழுகிறது.

இந்த நேரத்தில்தான் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கும் கோப்பிப் பொட்டலம் கண்ணில் படும். தோங்காட் அலி வேர், புலிப் படம், ஒரு பொட்டலத்துக்குச் சில வெள்ளி. வேரைக் குறைசொல்லவில்லை. ஆனால் "ஆண்களுக்கான" கோப்பிகள் சிலவற்றில் சில்டெனாஃபில், தாடலாஃபில் மருந்துகள் இரகசியமாகக் கலந்திருந்ததை அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்துகள் அவை. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை பாவிப்பவர் இந்தக் கோப்பியைக் குடித்தால் ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். உள்ளே எவ்வளவு மருந்து இருக்கிறதென்று குடிப்பவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது.

எல்லாவற்றுக்கும் குழாய்தான் காரணமென்றும் நினைக்க வேண்டாம். விடியற்காலையில் விறைப்பு வழக்கம்போல வந்து, மனைவியோடு இருக்கும்போது மட்டும் தவறினால் மனக்கவலையின் பங்கு பெரிதாக இருக்கலாம். கடன், வேலைப் பயம், வீட்டுச் சண்டை எல்லாமே இதில் உண்டு. போர்ட் கிள்ளான் துறைமுகத்துக்கு ராத்திரி லோரி ஓட்டுபவருக்குத் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் டெஸ்டோஸ்டிரோன் குறையும். தொப்பைக் கொழுப்பும் அதே வேலையைச் செய்யும். ஒருமுறை தவறிய பயமே மறுமுறையையும் கெடுக்கும். சிலருக்கு ரத்த அழுத்த மாத்திரையாலும் வரலாம். அதை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

அரசாங்க கிளினிக்குக்குப் போனால் என்ன நடக்கும்? கையில் பட்டை சுற்றி அழுத்தம் பார்ப்பார்கள், இடுப்பை அளப்பார்கள், ரத்தம் எடுத்து சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் சோதிப்பார்கள். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி. 40 வயதைத் தாண்டிய, அரசாங்க உதவித்தொகை பெறும் குடும்பத்தினருக்கு 2019இல் தொடங்கிய பேக்கா பி40 திட்டத்தில் பரிசோதனை இலவசம்.

நடையும் மருந்துதான். வாரம் நான்கு நாள், ஒரு நாளைக்கு 40 நிமிடம், மூச்சு வாங்கும் வேகத்தில் ஆறு மாதம் நடந்தால் விறைப்பு மேம்படுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிகரெட்டை விடுங்கள், தே தாரிக்கில் பாலையும் சீனியையும் குறைக்கச் சொல்லுங்கள். இதயத்தைச் சோதித்துவிட்டு மாத்திரை தரலாமென்று டாக்டர் முடிவு செய்தால், அதே சில்டெனாஃபிலைச் சரியான அளவில் அவரே எழுதித் தருவார்.

கிளினிக்குக்குப் போய் இடுப்புவலி என்று தொடங்க வேண்டாம். "டாக்டர், முன்போல விறைப்பு வருவதில்லை, இத்தனை மாதமாக இப்படி" என்று நேராகச் சொல்லுங்கள். அன்றிரவு மனைவியிடமும் அதையே சொல்லுங்கள். காரணம் தெரியாமல் தன்மேல்தான் ஏதோ குறை என்று அவர் மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருக்கலாம்.